வெள்ளை முடிச்சு, சிவப்பு முடிச்சு

“ரெண்டு” என்றார் பேக்கிங் பிரிவு அக்கா. சொல்லிவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டார். கறுப்புத் துணி கட்டி மறைத்திருந்த அந்தச் சின்ன அறைக்குள் ஊதா வெளிச்சம் பரவியது. தள்ளுவண்டியில் வரிசை வரிசையாக நின்ற நூல் கோன்கள் எல்லாம் ஒரே மாதிரி மங்கிய நீலத்தில் மினுங்க, மூன்றாவது வரிசையில் ஒன்றும் கடைசி வரிசையில் ஒன்றும் மட்டும் வெளுத்துப்போய்த் தனியாகத் தெரிந்தன. வேறு பஞ்சில் நூற்ற நூல் கலந்துவிட்டால் அந்த வெளிச்சத்தில் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். அக்கா இரண்டையும் எடுத்து வெளியே வைத்தார். பிறகு தன் ஸ்டூலின் விளிம்பில் தொங்கிய ஒரு வெள்ளை நூலை இழுத்து, நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு முடிச்சுப் போட்டார். அதன் பக்கத்திலேயே ஒரு சிவப்பு நூலும் தொங்கியது. அதை அவர் தொடவில்லை. ஆனால் அதிலும் முடிச்சுகள் இருந்தன.

எனக்கு அந்த இரண்டு கோன்களைவிட அந்த முடிச்சுதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது. ஒருவர் விடையைப் பார்ப்பதற்கு முன்னால் தன் விடையை வாய்விட்டுச் சொல்கிறார், பிறகு அது சரியா தப்பா என்று எங்கோ குறித்து வைக்கிறார். பதினாறு வருடம் படித்த எனக்கு இது ஒரு நாளும் தோன்றியதில்லை. பரீட்சையில் எனக்கு மார்க் போட யாரோ இருந்தார்கள். பரீட்சைக்கு வெளியே நான் எடுத்த முடிவுகளுக்கு யாருமே மார்க் போட்டதில்லை, நானும் போட்டதில்லை.

அப்போது நான் வேடசந்தூர்ப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் தரச் சோதனைப் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் பயிற்சி, அதற்குப் பிறகு வேலை நிரந்தரம். திண்டுக்கல்லில் இருந்து தினமும் மில் பஸ். கைப்பேசி நிறைய தன்னம்பிக்கை வீடியோக்கள். கண்ணாடி முன்னால் நின்று “என்னால் முடியும்” என்று மூன்று முறை சொல்ல வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். குளியலறையில் நான் அதைச் சொல்லிக்கொண்டிருக்க, அம்மா கதவைத் தட்டி, “யாருகிட்டடீ பேசுற? தண்ணிய நிப்பாட்டிட்டுப் பேசு” என்றார். எனக்குத் தயக்கம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் வியாதி வேறு. நான் சட்டென்று முடிவெடுப்பேன், சத்தமாகச் சொல்வேன், அரை மணி நேரத்தில் வருந்துவேன், பிறகு நான்கு பேரிடம் கேட்பேன், நான்கு பேரும் நான்கு மாதிரி சொல்ல, கடைசியில் யார் சத்தமாகச் சொன்னார்களோ அவர்கள் பக்கம் சாய்வேன். “கண்டிப்பா” என்பது என் வாயில் எப்போதும் ஊறிக்கிடக்கும் சொல். கண்டிப்பா மழை வரும், கண்டிப்பா இந்தக் கடைதான் நல்லது, கண்டிப்பா அவர் கோபமாக இருக்கிறார். இவற்றில் எத்தனை பலித்தன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பலித்தவை மட்டும்தான் நினைவில் இருந்தன.

அன்று அக்காவிடம் போய், “என்னக்கா இது, வேண்டுதலா?” என்று கேட்டேன்.

“வேண்டுதலா! கிழிஞ்சுச்சு போ” என்று சிரித்தார். “வெள்ள, சொன்னது சரி. செவப்பு, சொன்னது தப்பு. அம்புட்டுத்தேன்.”

“எதுக்குக்கா?”

“எதுக்குன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? எட்டு மணி நேரம் கோனை எடு, அடுக்கு, எடு, அடுக்குன்னா தூக்கம் வருதுல்ல. எனக்கு நானே பந்தயம் கட்டிக்கிருவேன்.”

“லைட்டைப் போடறதுக்கு முன்னாடியே ரெண்டுன்னு எப்படித் தெரிஞ்சது?”

“எந்த மெஷின்ல இருந்து வண்டி வருது, யாரு தள்ளிக்கிட்டு வாரா, வாரப்பவே அவ மூஞ்சி எப்படி இருக்கு, பாத்தாத் தெரியாதா? தெரியாமயும் போகும். அதுக்குத்தேன் செவப்பு.”

“சரியா சொன்னதுக்கு முடிச்சுப் போடுறீங்க, சரி. தப்புக்கு எதுக்கு?”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். “தப்பைப் போடலேன்னா சரியப் போட்டு என்ன செய்ய? நமக்கு நாமே மாலை போட்டுக்கிட்டுத் திரிய வேண்டியதுதேன்.”

அக்காவுக்கு அப்போது முப்பது, முப்பத்தொன்று இருக்கும். வேடசந்தூருக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். வீட்டில் இருந்து மெயின் ரோடு வரை சைக்கிள், அங்கிருந்து மில் பஸ். ஒரு மழை நாளில் அந்தச் சைக்கிளோடு விழுந்து வலது முழங்கால் பெயர்ந்ததில் இருந்து அவரால் அதிக நேரம் நிற்கவோ நடக்கவோ முடியாது. அதனால்தான் பேக்கிங் பிரிவில் உட்கார்ந்து செய்யும் வேலை. அந்த ஸ்டூல்தான் அவருக்கு வேலையும் வருமானமும் எல்லாமும். அந்த ஸ்டூலும் உறுதியாக இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் சேர்வதற்கு முன்னால் ஒருமுறை, “இந்த லோடுல வேற நூல் கலந்திருக்கு” என்று அக்கா சொல்லி, மொத்த லோடையும் பிரித்துப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல் போயிருக்கிறது. அன்று மாஸ்டர், அதாவது மில்லின் உற்பத்திக்கெல்லாம் பொறுப்பானவர், எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார்: இன்னொரு தடவை பேக்கிங்கில் பிரச்சினை வந்தால் நீ ரிங் பிரேமுக்குப் போக வேண்டியதுதான். ரிங் பிரேம் என்றால் நூல் நூற்கும் நீண்ட இயந்திரங்களுக்கு நடுவே ஷிப்ட் முழுவதும் நடந்துகொண்டே அறுந்த இழைகளைப் பிணைக்கும் வேலை. அந்த முழங்காலோடு அங்கே போவதும் வேலையை விட்டு நிற்பதும் ஒன்றுதான்.

நான் அன்று சாயங்காலமே வேஸ்ட் நூல் மூட்டையில் இருந்து ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும் உருவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எதையும் உடனே செய்து பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பையின் வாரில் இரண்டையும் கட்டினேன். முதல் பரிசோதனை, பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்பது. காலையில் இடப்பக்கம் நிழல். அப்படியானால் திரும்பி வரும்போது கண்டிப்பா வலப்பக்கம்தான் நிழல் என்று இரண்டு மாதமாக வலப்பக்கம் உட்கார்ந்து கருகிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் பாதி வழியில் எழுந்து இடம் மாறி, “இன்னைக்கு என்னமோ வெயில் இந்தப் பக்கம் அடிக்குது” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று நாள் தொடர்ந்து சிவப்பு முடிச்சு விழுந்த பிறகுதான் நோட்டில் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். காலையில் வடக்கே போகிறோம், சூரியன் கிழக்கே, வலப்பக்கம். சாயங்காலம் தெற்கே வருகிறோம், சூரியன் மேற்கே, மறுபடியும் வலப்பக்கம். இரண்டு வேளையும் இடப்பக்கம்தான் நிழல்! இயந்திரவியல் படித்தவள், பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கம் ருசியாகவும் இருந்தது. இத்தனை நாள் என் தப்பு என் கண்ணெதிரே தினமும் நடந்திருக்கிறது, எண்ணாததால் அது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. தம்பி எத்தனை மணிக்கு வருவான், பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் தருவாரா, சோதனை இயந்திரம் என்ன எண் காட்டும், எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே சொல், பிறகு முடிச்சு. ஒரு மாதத்தில் சில சங்கதிகள் பிடிபட்டன. மனிதர்களைப் பற்றி நான் சொன்னவற்றில் முக்கால்வாசி சிவப்பு, அதிலும் “அவங்களுக்கு என்னைப் பிடிக்கல” வகையறா முழுக்கச் சிவப்பு. நூலைப் பற்றிச் சொன்னவை பாதிக்குப் பாதி. எல்லாவற்றையும்விட வேடிக்கை, “கண்டிப்பா” என்று சொல்லி ஆரம்பித்தவைதான் அதிகம் கவிழ்ந்தன. “இருக்கலாம்னு நினைக்கிறேன்” என்று இழுத்துச் சொன்னவை பெரும்பாலும் வெள்ளை. அப்படியானால் எனக்குள் சத்தம் போடுவது ஒருத்தி, தெரிந்து பேசுவது வேறொருத்தி. இரண்டாமவள் மெதுவாகப் பேசுவாள் என்பதால் இருபத்து மூன்று வருடமாக நான் அவளைக் கவனித்ததே இல்லை.

இதை அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “ஏத்தா, சாப்புட்டியா? வெஞ்சனம் என்ன கொண்டாந்த?” என்று என் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு கை உருளைக்கிழங்கை அள்ளிக்கொண்டார். அவருக்கு அது விளையாட்டு. எனக்குத்தான் அது ஆராய்ச்சி. ஆனால் அந்த விளையாட்டை அவர் எவ்வளவு ஒழுங்காக ஆடினார் என்பது அன்றுதான் கண்ணில் பட்டது. ஸ்டூலின் பின்பக்கத்தில் இன்னும் இரண்டு ஜோடி நூல்கள் இருந்தன. ஒரு ஜோடி கண்ணுக்கு, ஒரு ஜோடி எடைக்கு, ஒரு ஜோடி கைக்கு. “எல்லாத்தையும் ஒரே கயித்துல போட்டா எது ஏமாத்துதுன்னு தெரியாம போயிரும்ல” என்றார், உருளைக்கிழங்கை மென்றபடி.

நான்காவது மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. சீனியர் அன்று லீவு, கல்யாண வீடு. தரச் சோதனையில் நான் மட்டும். காலையில் திருப்பூருக்கு முப்பதாம் நம்பர் நூல் ஒரு லாரி போக வேண்டும். நூலின் நம்பர் என்பது அதன் மெல்லிசு. நம்பர் கூடக் கூட நூல் மெலியும். முப்பதுக்குள் ஒரே ஒரு நாற்பதாம் நம்பர் கோன் போய்விட்டாலும் பனியன் துணியில் கோடு கோடாக விழும், மொத்தத் துணியும் திரும்பி வரும். வழக்கமாக முப்பது மஞ்சள் குழாயிலும் நாற்பது பச்சைக் குழாயிலும் சுற்றப்பட்டு வரும், பார்த்ததுமே தெரியும். அந்த வாரம் குழாய் வந்து சேரவில்லை. இரண்டையும் சாதாரணப் பழுப்புக் குழாயிலேயே சுற்றி, நாற்பதுக்கு மட்டும் குழாயின் உள்பக்கம் ஒரு நீலப் பொட்டு வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் ஒரே பஞ்சு என்பதால் ஊதா வெளிச்சத்திலும் வித்தியாசம் தெரியாது.

பத்தரை மணிக்கு மூட்டையெல்லாம் தைத்து லாரியில் ஏற்றியாகிவிட்டது. என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. தாளோடு போய்க்கொண்டிருந்த என்னை அக்கா கூப்பிட்டார்.

“கையெழுத்துப் போட்டுட்டியா?”

“இல்லக்கா, போகப்போறேன்.”

“செத்த நேரம் பொறு.” சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு உள்ள போயிருச்சுன்னு தோணுது. டீக்கு முன்னாடி தச்ச ஆறு மூட்டையில. வழுவழுன்னு ஒண்ணு கையில பட்டுச்சு. வேக வேகமா போட்டுக்கிட்டு இருந்தேனா, கைக்குத் தெரிஞ்சது மண்டைக்கு ஏற நேரமாயிருச்சு. டீயக் குடிக்கிறப்பத்தேன் தோணுது, அது நாப்பதாச்சேன்னு.”

“உறுதியாவா?”

“உறுதின்னு எப்படிச் சொல்ல? தோணுது.” பிறகு, தயங்கி, “எம்பேரச் சொல்லிறாத. மாஸ்டரு ஏற்கனவே சொல்லியிருக்காரு. இன்னைக்கும் ஒண்ணும் இல்லேன்னா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதேன்” என்றார்.

அந்த ஆறு மூட்டைகளும் முதலில் ஏற்றியவை. லாரியின் உள்ளே, அடியில் கிடந்தன. வெளியே பேக்கிங் மேஸ்திரி நின்றுகொண்டு, “ஏம்மா, ஒரு கையெழுத்துக்கு எம்புட்டு நேரம்? பேனாவுல மை இல்லையா?” என்று கத்தினார். ஒட்டன்சத்திரம் பக்கத்து லாரி டிரைவர் பணிவாக வந்து, “ஏனுங்க மேடம், திருப்பூர்ல இருந்து போன் மேல போன் வருதுங்க, கெளம்பலாமுங்களா?” என்று கேட்டார். நான் சோதனை அறைக்கு ஓடினேன். சீனியருக்கு அடித்தேன், சுவிட்ச் ஆஃப். நோட்டைத் திறந்து, வீடியோவில் சொன்ன மாதிரி நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் நன்மை, அந்தப் பக்கம் தீமை என்று எழுதினேன். இரண்டு பக்கமும் சமமாக நிரம்பியது. இரண்டு பக்கத்தையும் எழுதியது ஒரே பயம்தான் என்பதால் அப்படி ஆகியிருக்க வேண்டும்.

அப்போதுதான் நூல்கள் நினைவுக்கு வந்தன. திரும்ப ஓடி, ஸ்டூலுக்குப் பின்னால் குனிந்து, கைக்கான ஜோடியைப் பிடித்துப் பார்த்தேன். வெள்ளையில் முடிச்சுக்கு மேல் முடிச்சாகத் தடித்துக் கிடந்தது. சிவப்பில் நான்கு. “இந்த நாலும் எப்பக்கா விழுந்தது?” என்று கேட்டேன்.

அக்கா யோசித்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. “அம்புட்டும் மேஸ்திரி பக்கத்துல நின்னு போடு போடுன்னு உயிர எடுத்தப்ப விழுந்தது. மாஸ்டர்கிட்ட பேச்சு வாங்குன அன்னைக்கும் அவரு எந்தலைக்கு மேலதேன் நின்னாரு.”

“இன்னைக்குக் காலையில?”

“இன்னைக்கு அவரு டீக்கடையில இருந்தாருல்ல!”

எனக்குள் சத்தம் போடுகிறவள் வாயை மூடிக்கொண்ட கணம் அது. லாரியை நிறுத்துவதா, விடுவதா என்று நான் முட்டிக்கொண்டிருந்தேன். கேள்வியே அதுவல்ல. ஆறு மூட்டையைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் கேள்வி. முக்கால் மணி நேரம். இல்லை என்றால் இழப்பு முக்கால் மணி நேரமும் என் மானமும். அதைத் தாங்கலாம். வெளியே போய் மேஸ்திரியிடம், “டீக்கு முன்னால தச்ச ஆறு மூட்டையை மட்டும் இறக்கணும்” என்றேன். “கண்டிப்பா” என்று சொல்லவில்லை.

“யாரு சொன்னா? அந்தப் புள்ளையா?”

“நான்தான் சொல்றேன்.”

லோடு ஏற்றிய ஆட்கள் எங்கள் வீட்டார் எல்லோரையும் மனதுக்குள் நினைத்துக்கொண்டுதான் இறக்கியிருப்பார்கள். சத்தம் கேட்டு மாஸ்டரும் வந்துவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மூட்டைகளைப் பிரித்தோம். அக்கா ஒவ்வொரு கோனாகக் கையால் தடவி நகர்த்தினார், நான் குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன். முதல் மூட்டையில் இல்லை. இரண்டில் இல்லை. மூன்றில் இல்லை. மேஸ்திரி தொண்டையைச் செருமினார். அக்கா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். நான்காவது மூட்டையின் நடுவில் அவர் கை நின்றது. அந்தக் கோனை என்னிடம் நீட்டினார். உள்ளே பார்த்தேன். நீலப் பொட்டு.

அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில் பென்சிலில் அன்றைய தேதியும் என் பெயரின் முதல் எழுத்தும் இருந்தன. என் கையெழுத்து.

ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. காலையில் இரண்டு நம்பர் வண்டிகளில் இருந்தும் நான்கு நான்கு கோன்கள் சோதனைக்கு எடுத்துப் போனேன். கொஞ்சம் நூலை உருவி எடை போட்டு, அடையாளம் எழுதி, திரும்பக் கொண்டுவந்து அந்தந்த வண்டியில் வைத்தேன். பஸ் தாமதம், அவசரம். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இது கண்டிப்பா முப்பதுதான் என்று முப்பது வண்டியில் வைத்தது நினைவுக்கு வந்தது. நான்கும் நான்குமாகப் போயிருக்க வேண்டியது ஐந்தும் மூன்றுமாகப் போயிருக்கிறது. எண்ணிப் பார்க்கவில்லை. திரும்ப வைக்கும்போது பொட்டையும் பார்க்கவில்லை. அக்காவின் பெயரைச் சொல்லாமல் பெருந்தன்மையாக முன்னால் வந்து நின்றேனே, அந்த வீராங்கனைதான் அந்தக் கோனை உள்ளே அனுப்பியவள்.

அதற்குள் மேஸ்திரி அக்கா மேல் பாய்ந்தார். “பேக் பண்றப்ப கண்ண எங்க வச்சிருந்த? உள்ள பொட்டு இருக்குன்னு சொன்னாங்களா இல்லையா? பாத்தீங்களா சார், அன்னைக்கே சொன்னேன்ல.”

மாஸ்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் இருந்து எழுந்தார். என் கட்டைவிரல் அந்தப் பென்சில் எழுத்தின் மேல் இருந்தது. ஒரு தேய் தேய்த்தால் போய்விடும். பென்சில்தானே. உண்மையை மறைக்காமல் சொல்கிறேன், கட்டைவிரல் ஒரு முறை அசைந்தது. அசைந்து, நின்றது. இரண்டு மாதமாக வெயில் பக்கம் உட்கார்ந்ததற்கே சிவப்பு முடிச்சுப் போட்டவள் இதற்குப் போடாமல் விட்டால், என் பையில் தொங்கும் அத்தனை வெள்ளையும் பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

“சார், இது நான் வச்சது” என்றேன். “சாம்பிள் கோனை வண்டி மாத்தி வச்சிட்டேன். இந்தா பாருங்க, என் எழுத்து. இருக்குன்னு சொன்னதும் நான் இல்ல, அவங்க. கையில பட்டதை வச்சே சொன்னாங்க. பேரைச் சொல்ல பயந்தாங்க, அதான் நான் சொன்னேன்னேன்.”

மாஸ்டர் கோனை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். “தேடச் சொன்னது சரி. வச்சது தப்பு” என்றார். “உனக்கு இன்னும் ஆறு மாசம் பயிற்சி. போய் எட்டு கோனையும் எண்ணி வை.” போகும்போது மேஸ்திரியிடம், “அந்தப் பொண்ணு வேலை செய்யறப்ப நீ பக்கத்துல நிக்காத” என்று சொல்லிவிட்டுப் போனார். அது எப்படி அவருக்குத் தெரிந்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. லாரி போய்விட்டது.

நான் சோதனை அறையில் போய் அழுதேன், அதை மறைப்பானேன். கொஞ்ச நேரத்தில் அக்கா நொண்டிக்கொண்டே வந்தார். கையில் அவருடைய நூல்கள். என் முன்னாலேயே கைக்கான வெள்ளையில் ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு, கண்ணுக்கான சிவப்பை எடுத்து அதிலும் ஒன்று போட்டார்.

“அது எதுக்குக்கா? நீங்கதான் சரியா சொன்னீங்களே.”

“கை பாத்துச்சு. கண்ணு பாக்கலையே. பொட்டு உள்ளதான இருந்துச்சு.” பிறகு என் பையில் தொங்கிய சிவப்பை இழுத்து என் மடியில் போட்டார். “இந்தாத்தா, ஒனக்கு ஒண்ணு விழுந்திருக்கு. அழுதுக்கிட்டே போடு, முடிச்சு நல்லா இறுகும்.”

அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அன்று நான் போட்டதுதான் என் நூலிலேயே பெரிய முடிச்சு. போட்ட பிறகு ஒரு வினோதம். பயம் போயிருந்தது. இனிமேல் தப்பே செய்ய மாட்டேன் என்ற தைரியம் வரவில்லை, அது எனக்கு இன்றைக்கும் கிடையாது. என் தப்பு எந்த இடத்தில் இருந்து வரும் என்று இப்போது எனக்குத் தெரியும் என்ற தைரியம். அவசரத்தில், “கண்டிப்பா” என்ற சொல்லோடு, எண்ணாமல் வரும். வருகிற வழி தெரிந்தால் அங்கே போய் நின்றுகொள்ளலாம். கண்ணாடி முன்னால் நின்று சொன்ன வசனம் எதுவும் எனக்கு இதைத் தந்ததில்லை.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆறு மாதம் தாமதமாக என் வேலை நிரந்தரமானது. போன மாதம் அக்கா மில்லை விட்டுப் போய்விட்டார். யாரும் அனுப்பவில்லை. அவர் வீட்டுக்காரர் ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார், இவரும் கூடப் போய்விட்டார். கண்ணை மூடிக்கொண்டு நூலின் நம்பரைச் சொல்கிறவர், எல்லாம் தெரிந்த இடத்தை விட்டு, ஒன்றும் தெரியாத இடத்துக்கு எப்படிப் போனார் என்று எனக்கு ஆச்சரியம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டேன். அவர் குரலில் ஒரே குஷி.

“செவப்பு நூலு தீந்துபோச்சுத்தா! இந்தக் கொய்யா என்னைய அம்புட்டு ஏமாத்துது. பழுத்திருக்குன்னு பறிச்சா காயா இருக்கு, காயின்னு விட்டா அணிலு தின்னுட்டுப் போயிருது. வெட்டுறதுக்கு முன்னாடி உள்ள செவப்பா வெள்ளையான்னு சொல்லிப் பாக்குறேன், பத்துக்கு ஏழு தப்பு. ஒனக்கு வேஸ்ட் நூலு கெடைக்கும்ல, வாரப்ப ஒரு கண்டு கொண்டா.”

பத்துக்கு ஏழு தப்பு என்பதை ஒருவர் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. போனை வைத்த பிறகு நெடுநேரம் என் மேசை விளக்கில் தொங்கும் நூல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா போவதற்கு முன்னால் அவருடைய கை ஜோடியை எனக்கு விட்டுவிட்டுப் போனார், என்னுடையதும் பக்கத்தில் தொங்குகிறது. பார்க்கப் பார்க்க ஒரு சந்தேகம். வெள்ளையும் சிவப்பும் நான் வாய்விட்டுச் சொன்னவற்றுக்குத்தான். தோன்றியும் சொல்லாமல் விழுங்கியவை? கூட்டத்தில் மாஸ்டர் கேட்டபோது விடை தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டது, புதிதாகச் சேர்ந்த பெண் எதையோ மறைக்கிறாள் என்று தோன்றியும் நமக்கெதற்கு என்று விட்டது. இவற்றுக்கு நிறமே இல்லை. சரியா தப்பா என்று பார்க்கும் வாய்ப்பைக்கூட நான் கொடுக்கவில்லை. ஒருவேளை என்னில் மெதுவாகப் பேசுகிறவள் அங்கேதான் அடைந்து கிடக்கிறாளோ என்னவோ.

அதனால் நேற்று வேஸ்ட் மூட்டையில் இருந்து ஒரு பச்சை நூல் உருவியிருக்கிறேன். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் இருந்து ஆரம்பம். வாய் வரை வந்து நின்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சு. ஒரு மாதம் போட்டுப் பார்த்தால்தான் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆயக்குடி. பையில் அக்காவுக்கு ஒரு கண்டு சிவப்பு வைத்தாகிவிட்டது. போனதும் அவர் ஒரு கொய்யாவைக் கையில் கொடுத்து, கத்தியை எடுத்துக்கொண்டு, உள்ளே என்ன நிறம் என்று கேட்பார். எனக்குக் கொய்யாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருந்தாலும், அவர் வெட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன்.